ஸ்டார்டியூ வேலி: எந்த சீசனில் எதை நடுவது?

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை வீடியோ கேமில் கோடைக்கு ப்ளூபெரியா முலாம்பழமா, இலையுதிர் காலத்தில் கிரான்பெரியா பூசணியா என்று தேடினால் கிடைக்கும் பட்டியல்களில் பெரும்பாலும் ஒரே பதில்தான் இருக்கும். முதலாவதற்கு ப்ளூபெரி, இரண்டாவதற்கு கிரான்பெரி. பதிலில் தப்பில்லை. ஆனால் சீசனின் 1-ஆம் தேதியே நட்டுவிட்டீர்கள், விதைக்கு வேண்டிய காசு கையில் இருக்கிறது, விளைந்ததை அப்படியே விற்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. ஆட்டத்தில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம். நிலத்தைச் சுத்தம் செய்து முடிக்கும்போது தேதி 4 ஆகியிருக்கும், இல்லையென்றால் கையில் காசு இருக்காது, அதுவும் இல்லையென்றால் விளைந்ததை ஊறவைத்து விலை கூட்டும் ஜாடிகள் சும்மா நின்றுகொண்டிருக்கும். அந்தந்த நிலையில் விடை மாறுகிறது, சில இடங்களில் தலைகீழாகவே மாறுகிறது.

அடிப்படை எளிது. ஒரு சீசனுக்கு 28 நாள், வருடத்துக்கு நான்கு சீசன். நட்ட தேதியோடு வளரும் நாள்களைக் கூட்டினால் அறுவடைத் தேதி. அது 28-ஐத் தாண்டினால் விதைக்காசு போச்சு, சீசன் மாறிய காலையில் செடி செத்துக் கிடக்கும். ஒரு நாள் தண்ணீர் ஊற்றத் தவறினால் அந்த நாள் கணக்கில் சேராது. 28 நாள் என்பது சரியாக நான்கு வாரம் என்பதால் 1-ஆம் தேதி எப்போதும் திங்கள்தான். ஆகவே விதை விற்கும் பியர் கடை மூடியிருக்கும் புதன்கிழமைகள் எல்லா சீசனிலும் 3, 10, 17, 24. திருவிழா நாள்களிலும் கடை கிடையாது. இந்த இரண்டையும் மறந்துவிட்டுப் போடும் திட்டம் காகிதத்தில் மட்டும்தான் ஓடும்.

முதல் வசந்தம்

கையில் 500 காசு, இலவசமாக வந்த 15 பார்ஸ்னிப் விதை. இந்த நேரத்தில் குறைவாக இருப்பது காசுதான். நிலம் வேண்டிய அளவு கிடக்கிறது.

28 நாளும் ஒரே கட்டத்தில் (ஒரு செடி நடும் இடத்தில்) திரும்பத் திரும்ப ஒரே பயிரை நட்டால் விதைச் செலவு போக என்ன மிஞ்சும் என்று பார்க்கலாம். பார்ஸ்னிப் (விதை 20, விலை 35, 4 நாள்) ஆறு முறை விளைந்து 90 தரும். கேல் (70, 110, 6 நாள்) நான்கு முறையில் 160. காலிஃபிளவர் (80, 175, 12 நாள்) இரண்டே முறையில் 190. உருளைக்கிழங்கு (50, 80, 6 நாள்) குறைந்தபட்சம் 120. அதோடு ஒவ்வொரு செடியிலும் கிட்டத்தட்ட நாலில் ஒரு வாய்ப்பில் கூடுதல் கிழங்கு வரும், அதையும் சேர்த்தால் காலிஃபிளவருக்குச் சமமாகவே வந்து நிற்கிறது.

இந்த வரிசையைப் பார்த்து 500 காசையும் காலிஃபிளவரில் போட்டால் ஆறு செடிதான் வரும், 13-ஆம் தேதி வரை ஒரு காசு உள்ளே வராது. அதே 500-க்குப் பத்து உருளைக்கிழங்கு போட்டால் 7-ஆம் தேதியே குறைந்தது 800 கையில் இருக்கும். எனவே முதல் வாரம் உருளைக்கிழங்கு, கூடவே இலவச பார்ஸ்னிப். காலிஃபிளவரைக் காசு புரள ஆரம்பித்த பிறகு போடலாம். கடைசித் தேதி 16.

இரண்டாவது வாரத்தில் இன்னொரு தட்டுப்பாடு தலைகாட்டும். ஆரம்பத்தில் மொத்த எனர்ஜி 270. ஒரு கட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற 2 போகும், கொத்த 2 போகும். 60 செடி இருந்தால் தினமும் காலையில் 120 எனர்ஜி தண்ணீருக்கே போய்விடும், சுரங்கத்துக்குப் போகத் தெம்பு இருக்காது. இங்கிருந்துதான் 'ஒரு காசுக்கு எவ்வளவு' என்ற கேள்வி 'ஒரு கட்டத்துக்கு எவ்வளவு' என்று மாறுகிறது. பார்ஸ்னிப்பை நிறுத்த வேண்டிய நேரமும் இதுதான்.

13-ஆம் தேதி முட்டைத் திருவிழாவில் ஸ்ட்ராபெரி விதை 100 காசுக்குக் கிடைக்கும். அன்றிரவே நட்டாலும் மறுநாள் நட்டாலும் இரண்டு அறுவடை, பழம் 120 என்பதால் மிச்சம் 140. அதே நாளில் நடும் காலிஃபிளவர் 95, கேல் இரண்டு முறை விளைந்து 80. ஆக, பாதி சீசன் போன பிறகும் ஸ்ட்ராபெரிதான் முன்னால் நிற்கிறது. வேகமாக வளர்க்கும் உரத்தைப் போட்டால் 8 நாள் 7 ஆகி, 13-ஆம் தேதி இரவே நட்டது 20, 24, 28 என்று மூன்று முறை காய்க்கும். ஆனால் அந்த உரம் கடையில் 100 காசு, கூடுதல் பழம் 120. கடையில் வாங்கிப் போடுவது வீண் அலைச்சல், நீங்களே செய்த உரம் என்றால் சரி.

விதையைப் பத்திரப்படுத்தி அடுத்த வசந்தத்தின் 1-ஆம் தேதி நட்டால் ஐந்து அறுவடை, மிச்சம் 500. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 100 காசு கிட்டத்தட்ட ஒரு வருடம் பெட்டிக்குள் தூங்குகிறது. நடுவில் வரும் கோடையில் 80 காசு ப்ளூபெரி விதை 600 காசாகத் திரும்பி வரும். முதல் வருடத்தில் விதையைச் சேமிப்பதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். வாங்கினால் உடனே நடுங்கள், அறுவடை 25-க்குள் முடிந்து அந்தக் காசு கோடை 1-ஆம் தேதிக்குக் கையில் இருக்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை: 1-ஆம் தேதி நட்டு, நடுவில் இடைவெளி விடாத உருளை, கேல், காலிஃபிளவர் மூன்றும் 13-ஆம் தேதி அறுவடைக்கு வரும். அன்று கடை இல்லை. மறுபடி நட வேண்டிய விதையை 12-ஆம் தேதியே வாங்கி வைக்க வேண்டும்.

கோடை: 11-ஆம் தேதி வரை ஒன்று, அதற்குப் பின் வேறு

ப்ளூபெரி 13 நாளில் முதல் காய்ப்பு, பிறகு 4 நாளுக்கு ஒரு முறை, ஒவ்வொரு தடவையும் மூன்று பழம், ஒன்று 50 காசு. 1-ஆம் தேதி நட்டால் 14, 18, 22, 26 என்று நான்கு காய்ப்பு. விதை 80 போக 520 மிச்சம். முலாம்பழம் விதை 80, விலை 250, 12 நாள். இரண்டு தடவை நட்டு 340. ப்ளூபெரி ஜெயித்தது, இது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இப்போது தேதியைத் தள்ளிப் பாருங்கள். 3-ஆம் தேதி வரை நட்டால் ப்ளூபெரிக்கு நான்கு காய்ப்பு உண்டு (3 புதன் என்பதால் விதையை முந்தைய நாள் வாங்கியிருக்க வேண்டும்). 4-ஆம் தேதி நட்டால் ஒன்று குறைந்து 370. அன்று முலாம்பழமோ 16, 28 என்று இன்னும் இரண்டு முறை வரும், 340. வித்தியாசம் வெறும் 30 காசு. 5-ஆம் தேதி முலாம்பழம் ஒரே அறுவடைக்குச் சுருங்கி 170-க்கு விழுகிறது, ப்ளூபெரி அதே 370-ல் நிற்கிறது. 11-ஆம் தேதி ப்ளூபெரி 24, 28 என்று இரண்டு முறை காய்த்து 220. அடுத்த நாளே, 12-ஆம் தேதி, ஒரே காய்ப்போடு 70 ஆகிவிடுகிறது. முலாம்பழம் அன்றும் 170 தருகிறது, 16 வரை அப்படியே தரும்.

ஆக, கோடு 11-க்கும் 12-க்கும் நடுவில் இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கோடை 10 புதன், 11 லூவாவ் விருந்து, இரண்டு நாளும் பியர் கடை கிடையாது. கடைசி நேர ப்ளூபெரி விதையை 9-ஆம் தேதி வாங்கினால்தான் உண்டு. புதனன்று இன்னொரு கடையான ஜோஜா மார்ட் திறந்திருக்கும், ஆனால் அங்கே விலை கால் பங்கு அதிகம்.

மிளகாய், தக்காளி, முள்ளங்கி எல்லாம் நடுத்தரம்தான். கையில் காசு கம்மி என்றால் மட்டும் மிளகாயைப் பாருங்கள். விதை 40, ஐந்தே நாளில் முதல் காய், சீசன் முழுக்க எட்டு முறை பறித்து 280 மிச்சம். மக்காச்சோளம் இரண்டு சீசன் நிற்கும் என்று சொல்லி ஆசை காட்டும். 56 நாளில் பதினோரு காய்ப்பு, விதை 150 போக 400. அதே கட்டத்தில் கோடையில் ப்ளூபெரி, இலையுதிரில் கிரான்பெரி என்று வைத்தால் 1,030. ஊரின் சமூகக் கூடத்துக்குக் கேட்ட பொருள்களைத் தொகுப்பு தொகுப்பாகக் கொடுக்க வேண்டும். அதன் இலையுதிர் தொகுப்புக்கு ஒரு கதிர் வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு செடி போதும்.

பீர் செய்யப் பயன்படும் ஹாப்ஸ் தனி ஜாதி. 11 நாள் வளர்ந்து, பிறகு தினமும் காய்க்கும். 1-ஆம் தேதி நட்டால் 17 காய்ப்பு. அப்படியே விற்றால் ஒன்று 25 காசு, பீப்பாயில் போட்டு பேல் ஏல் ஆக்கினால் 300. பீப்பாய் இல்லாதவர் இதைத் தொட வேண்டாம். இது பந்தல் பயிர், நடுவில் நடந்துபோக முடியாது, தினமும் பறிக்க வேண்டும். விளையாட்டு வேலையாக மாறும் இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் தாமதத்தின் விலை

கிரான்பெரி விதை 240, ஏழு நாளில் முதல் காய்ப்பு, பிறகு 5 நாளுக்கு ஒருமுறை இரண்டு பழம், ஒன்று 75. 1-ஆம் தேதி நட்டால் 8, 13, 18, 23, 28. ஐந்து காய்ப்பு, 750 வரவு, 510 மிச்சம். பூசணி விதை 100, 13 நாள், விலை 320. 14, 27 என்று இரண்டு முறை, 440 மிச்சம்.

கிரான்பெரியின் கடைசிக் காய்ப்பு சரியாக 28-ல் விழுகிறது, ஒரு நாள்கூட இடமில்லை. 2-ஆம் தேதி நட்டால் அது போய்விடும், மிச்சம் 360. பூசணியோ 2-ஆம் தேதி நட்டாலும் 15, 28 என்று இரண்டு முறை வந்து அதே 440 தரும். ஒரே நாளில் இடம் மாறிவிட்டது. 3-ஆம் தேதி மறுபடி மாறும்: பூசணிக்கு ஒரே அறுவடை, 220. கிரான்பெரி 6-ஆம் தேதி வரை 360-ல் நிற்கும். 7-ஆம் தேதி 210 ஆகி, பூசணியைவிடப் பத்து காசு பின்தங்கும். தாமதமாக நட்டவருக்கு எது நல்லது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் இல்லாததற்குக் காரணம் இதுதான், எத்தனாம் தேதி என்று சொன்னால்தான் சொல்ல முடியும்.

இது நிலம் நிலையாக இருந்து காசு தாராளமாக இருக்கிறவருக்கான கணக்கு. 1-ஆம் தேதி காலையில் கையில் 2,400 காசுதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிரான்பெரி பத்துச் செடி வரும், சீசன் முடிவில் மிச்சம் 5,100. திராட்சை விதை 60, பத்து நாளில் முதல் காய்ப்பு, பிறகு 3 நாளுக்கு ஒருமுறை 80 காசுப் பழம். ஆறு காய்ப்பு, செடிக்கு 420 மிச்சம். 2,400-க்கு நாற்பது செடி, மொத்த மிச்சம் 16,800. மூன்று மடங்குக்கு மேல்! திராட்சையும் பந்தல்தான், வரிசைக்கு நடுவே வழி விட்டு நட வேண்டும், அவ்வளவுதான் தொந்தரவு. 2-ஆம் தேதி நட்டாலும் ஆறு காய்ப்பு குறையாது.

இன்னும் மலிவு கத்திரிக்காய். விதை 20, ஐந்து நாளுக்கு ஒருமுறை 60 காசு, செடிக்கு 280 மிச்சம். காசுக்கு வரும் லாபத்தில் இதை எதுவும் நெருங்காது. ஆனால் 2,400-க்கும் இதையே வாங்கினால் 120 செடி. கொத்தவும் தண்ணீர் ஊற்றவும் முதல் நாளே 480 எனர்ஜி வேண்டும், உங்களிடம் இருப்பது சுமார் 270. ஆகவே முதல் வருடத்தில், ஸ்பிரிங்க்ளர் அதிகம் இல்லாத பண்ணையில், என் தேர்வு திராட்சை. அதோடு ஒரு வரிசை கத்திரி. கிரான்பெரி இரண்டாவது வருடத்துக்குக் காத்திருக்கட்டும்.

ஜாடியும் பீப்பாயும் வந்த பிறகு

விவசாயத் திறன் 4-ஆம் நிலையில் ஜாடி செய்யலாம், 8-ஆம் நிலையில் பீப்பாய். ஜாடி அடிப்படை விலையை இரட்டிப்பாக்கி 50 சேர்க்கும், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். பீப்பாய் பழத்தை மூன்று மடங்காக்கும், ஏழு நாள் ஆகும். காய்கறியை 2.25 மடங்காக்கும், நான்கு நாள்.

இப்போது குறைவாக இருப்பது காசும் இல்லை, கட்டமும் இல்லை. ஜாடிதான். ஒரு ஜாடியில் ஒரு தடவை எதைப் போட்டால் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். ப்ளூபெரி 50 இருந்தது 150 ஆகும், கூடுதல் 100. கிரான்பெரி 75-லிருந்து 200, கூடுதல் 125. முலாம்பழம் 250-லிருந்து 550, கூடுதல் 300. பூசணி 320-லிருந்து 690, கூடுதல் 370. நிறையக் காய்ப்பதுதான் ப்ளூபெரியின் பலம், ஜாடி வரிசையில் அதுவே பாரம். நூறு பழத்தை ஊற வைக்க நூறு தடவை ஜாடி வேண்டும். ஒருமுறை மட்டும் விளைந்து செத்துப்போகும் பெரிய காய்கள் இங்கே முன்னுக்கு வருகின்றன.

பூசணியைப் பீப்பாயில் போட்டால் சாறு 720. ஜாடியைவிட 30 காசு அதிகம், ஆனால் ஒரு நாளுக்கு மேல் கூடுதலாக இழுக்கும். பூசணிக்கு ஜாடியே போதும், பீப்பாயைப் பழத்துக்கு விடுங்கள். பாலைவனத்துக்குப் பேருந்து ஓட ஆரம்பித்தவர்களுக்கு அங்கே விற்கும் ஸ்டார்ஃப்ரூட் இருக்கிறது. விதை 400, பழம் 750, ஒயின் 2,250. அதற்குப் பிறகு கோடையில் வேறு எதையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையில்லை. பேருந்துக்கு மொத்தம் 42,500 காசு கட்ட வேண்டும் என்பதால் முதல் கோடைக்குள் அது நடப்பது கஷ்டம்.

இந்த ஆட்டத்தில் பெட்டிக்குள் வைத்த காய் அழுகாது. குளிர்காலத்தில் வெளியே ஏறக்குறைய எதுவும் விளையாது. காட்டு விதைகள், 2024-ல் வந்த 1.6 பதிப்பின் பவுடர்மெலன், அவ்வளவுதான். ஜாடிகளோ 28 நாளும் வேலை செய்யத் தயார். இலையுதிர் 27-ல் அறுத்த பூசணியை அன்றே விற்காமல் பெட்டியில் போட்டு, குளிர்காலம் முழுக்க ஜாடிக்குக் கொடுக்கலாம். வசந்த விதைக்குத் தேவையான காசை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை இப்படி வைத்திருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

பசுமைக்குடில் இன்னொரு கணக்கு. அது கிடைக்கச் சமூகக் கூடத்தின் பயிர்த் தொகுப்புகளையும் முடிக்க வேண்டும். வழக்கமான தொகுப்புகளோடு விளையாடினால், அவற்றில் கேட்பவை: வசந்தத்தில் பார்ஸ்னிப், பீன்ஸ், காலிஃபிளவர், உருளை. கோடையில் தக்காளி, மிளகாய், ப்ளூபெரி, முலாம்பழம். இலையுதிரில் மக்காச்சோளம், கத்திரி, பூசணி, சேனை. லாபம் வருகிறதோ இல்லையோ, ஒவ்வொன்றிலும் ஒன்றை நட்டே ஆக வேண்டும். தவறிய ஒரு காய் அடுத்த வருடம்தான் வரும், பசுமைக்குடிலும் அதுவரை தள்ளிப்போகும். இதற்கு முன்னால் முப்பது நாற்பது காசு வித்தியாசமெல்லாம் தூசு. குடில் கிடைத்ததும் சீசன் கணக்கே அங்கே செல்லாது. 28 நாள் வளர்ந்து, பிறகு வாரம் ஒருமுறை 550 காசுப் பழம் தரும் பழங்கால விதையை அங்கேதான் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் குளிர்காலம் பிறந்ததும் செத்துவிடும், அடுத்த வசந்தம் மறுபடி முதலிலிருந்து.

நண்பர்களோடு விளையாடும்போது

இணைய வழிக் கூட்டு ஆட்டத்தில் விதைகளும் விலைகளும் மாறுவதில்லை, நேரம் மாறுகிறது. தனியாக ஆடும்போது மெனுவைத் திறந்தால் கடிகாரம் நிற்கும், கூட்டாட்டத்தில் நிற்காது. ஆட்டத்தின் ஒரு நாள் நிஜத்தில் சுமார் 14 நிமிடம். காலை 6 மணிக்கு எழுந்து கடை திறக்கும் 9 மணி வரை இருப்பது இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. எதை வாங்கலாம் என்று அங்கே நின்று பேச ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும்.

பண்ணை யாருடைய கணினியில் இருக்கிறதோ அவர் வந்தால்தான் மற்றவர்கள் உள்ளே நுழைய முடியும், அவர் தனியாக ஆடினாலும் நாள் ஓடும். எனவே எல்லோரும் எப்போதாவது கூடும் குழு என்றால், மறுபடி மறுபடி நட வேண்டிய உருளை, முள்ளங்கி வகைகளை விட்டுவிடுவது நல்லது. ஸ்பிரிங்க்ளர் சுற்றிய ப்ளூபெரி, திராட்சை போல நின்று காய்ப்பவை ஒருவர் வராத நாளையும் தாங்கும். மாறாக எல்லோரும் தவறாமல் வருகிற குழுவுக்கு, தனியாளுக்கு ஒத்துவராத கத்திரிக்காய்த் திட்டம்கூட ஒத்துவரும். நான்கு பேர் என்றால் எனர்ஜியும் நான்கு மடங்கு, 120 செடி ஒரு பொருட்டே இல்லை. பணத்தைப் பொதுவாக வைப்பதா தனித்தனியாகவா என்பதை மேயர் லூயிஸ் வீட்டில் மாற்றிக்கொள்ளலாம். விதையை மொத்தமாக வாங்கும் முதல் வருடத்தில் பொதுவாக இருப்பதே வசதி.

சீசன் மாறும் இரவுக்கு முன்னால், 28-ஆம் தேதி மாலையே, எந்தப் பயிர், எத்தனை விதை என்று பேசி முடித்துவிடுங்கள். அன்று அனுப்பும் பெட்டியில் போட்டதற்குக் காசு 1-ஆம் தேதி காலையில் வந்துவிடும். அதோடு ஒருவர் 9 மணிக்குப் பியர் கடையில் இருக்க வேண்டும், இன்னொருவர் செத்த செடிகளை வெட்டி மண்ணைத் தயார் செய்ய வேண்டும், மற்றவர்கள் தண்ணீர்க் குடத்தோடு நிற்க வேண்டும். அன்றே நட முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் கிரான்பெரி. சந்தேகம் இருந்தால் திராட்சையோ பூசணியோ, அவை ஒரு நாள் பொறுக்கும்.